பயத்துக்கு ஓர் ஏணி

பள்ளித் திடலின் ஓரத்தில், இல்லையென்றால் செம்பனைத் தோட்டத்து மண்சாலை ஓரத்தில், தொட்டாற்சிணுங்கிச் செடி படர்ந்திருக்கும். மலாய் நண்பர்கள் அதைச் 'செமாலு' என்பார்கள். விரல் பட்டதும் இலைகள் மடங்கிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறுவதால்தான் இலை சாய்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் தண்ணீர் திரும்பி, இலை மறுபடி விரிந்திருக்கும்.

மேய வரும் ஆட்டிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் தப்பிக்க இந்த வித்தை உதவுகிறது. ஆனால் அதற்குச் செடி ஒரு விலை கொடுக்கிறது. மடங்கிய இலையில் வெயில் சரியாக விழாது, செடிக்குச் சாப்பாடு குறைந்துபோகும். காற்று அடிக்கும்போதெல்லாம் மடங்கிக்கொண்டே இருந்தால் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

மோனிகா காக்லியானோ என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற பஞ்சுப் பரப்பில் விழவைத்தார்கள். முதலில் இலைகள் மடங்கின. திரும்பத் திரும்ப விழவைத்தபோது, போகப் போக மடங்குவதை நிறுத்திவிட்டன. செடி களைத்துப்போய்விட்டதா? வேறு விதமாகக் குலுக்கிப் பார்த்தார்கள், உடனே மடங்கியது. ஆக, களைப்பு இல்லை. இப்படி விழுவதால் கெடுதல் ஒன்றும் வருவதில்லை என்று செடி 'கண்டுகொண்டது' போல இருந்தது. 28 நாள் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே நடந்தது. இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மூளையோ நரம்போ இல்லாத ஒரு செடி செய்வதைக் 'கற்றல்' என்று சொல்லலாமா என்று அறிவியலாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நீயும் முயன்று பார்க்கலாம். ஒரே இலையை மென்மையாக ஒரே மாதிரி தொடு, விரியும் வரை காத்திரு, மறுபடி தொடு. எத்தனையாவது முறையில் மாற்றம் தெரிகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

தீங்கு செய்யாத ஒன்று மறுபடி மறுபடி வரும்போது உயிர்கள் அதைக் கண்டு மிரளுவதைக் குறைத்துக்கொள்கின்றன. இதற்குப் பழகிப்போதல் என்று பெயர். கோலா சிலாங்கூரில் இதைப் பார்க்கச் சிறந்த இடம் புக்கிட் மெலாவத்திக் குன்று. கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, மலாயில் 'லோத்தோங்' எனப்படும் சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் குட்டிகள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். காட்டுக்குள் இதே குரங்கு மனித வாடை பட்டாலே மரத்துக்கு மரம் தாவி ஓடிவிடும். குன்றில் உள்ளவையோ நம் கையருகே வந்து பயற்றங்காயை வாங்கிக்கொள்கின்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நூறடி தூரத்தில் நின்ற மனிதன் ஒன்றும் செய்யவில்லை, ஐம்பதடியில் நின்றவனும் ஒன்றும் செய்யவில்லை என்று தாய்க் குரங்குகள் பார்த்துப் பழக, அவற்றின் குட்டிகள் அதற்கு மேலும் பழகின. (ஒரு வேண்டுகோள்: அவற்றுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுக்காதே. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வயிறு அவற்றுக்கு. நம் தின்பண்டம் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும்.)

சிம்பன்சிகளை ஆராய 1960இல் இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போன ஜேன் குடாலைக் கண்டு அவை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் துரத்திப் போகவில்லை. அவை பார்க்கும்படியான இடத்தில், ஒரே மாதிரி நிறத்தில் உடை உடுத்தி, நாள்தோறும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இடையில் இருந்த தூரம் மெல்ல மெல்லக் குறைந்தது.

இனி உன் பயத்துக்கு வருவோம். பயம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது?

இரண்டு நெற்றிப்பொட்டுகளுக்கும் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பகுதிகள் இருக்கின்றன. பாதாம் பருப்பின் அளவும் வடிவமும் கொண்ட அவற்றுக்கு அமிக்டலா என்று பெயர். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி இங்கே வந்ததும், நீ யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தயாராகிவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும். வயிற்றுக்குப் போகும் இரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பப்படுவதால் வயிற்றில் ஏதோ புரளும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆயத்தம் இது. மேடையில் கால் நடுங்கினால் 'நான் கோழை' என்று நினைத்துக்கொள்ளாதே. உன் உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அவ்வளவுதான். வேண்டாத நேரத்தில் செய்கிறது என்பதுதான் சிக்கல்.

பயமே இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறதா? அமெரிக்காவில் ஒரு பெண்மணி இருக்கிறார். அறிவியல் கட்டுரைகள் அவரை எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடும். அரிய நோய் ஒன்றால் அவருடைய இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. ஆய்வாளர்கள் அவரைப் பாம்புகளும் பெரிய சிலந்திகளும் விற்கும் கடைக்கு அழைத்துப்போனபோது, கடைக்காரர் தடுத்தும் கேளாமல், ஆபத்தான பாம்புகளையும் தொடக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. உயிருக்கே ஆபத்தான நிலைகளில் அவர் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறார். விலகிப் போகச் சொல்லும் உணர்வு அவருக்கு வருவதில்லை. ஆகவே பயத்தை அடியோடு பிடுங்கிப் போடுவது நம் நோக்கம் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எவ்வளவு பயப்பட வேண்டும் என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

மூளைக்குப் பயத்தைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். 1980களில் சூசன் மினெக்கா என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளைக் கவனித்தார். பாம்பைப் பார்த்தறியாத அவை பாம்பைக் கண்டு பெரிதாக மிரளவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்த பிறகு அவையும் அலறத் தொடங்கின. பார்த்ததே போதுமாக இருந்தது, கடிபடத் தேவையே இல்லை. இன்னொன்றும் தெரியவந்தது. பாம்பைக் கண்டு அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்த குரங்குகளுக்கு அந்தப் பயம் அவ்வளவு எளிதாகத் தொற்றவில்லை.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஆந்தை அலறினால் ஆகாது என்று பாட்டி சொல்லக் கேட்டு, ஆந்தையை ஒருமுறைகூட நேரில் பார்க்காத பிள்ளையும் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறது. ஆனால் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, மரப்பெட்டி பொருத்தி, ஆந்தைகளை வலிய அழைத்துக் குடிவைக்கிறார்கள் தெரியுமா? செம்பனைப் பழக்குலையைக் கடித்து நாசம் செய்வது எலி. வெண்முக ஆந்தைக்கு எலிதான் முக்கிய உணவு. அடுத்தமுறை தோட்டத்துக்குள் போகும்போது அந்தப் பெட்டியைப் பகலில், தள்ளி நின்று, அண்ணாந்து பார். ஆந்தைப் பயத்துக்கு அது நல்ல முதல் படி.

படி என்றேன் அல்லவா? பயத்தைப் படிப்படியாகக் கடக்கும் அந்தக் கதை அமெரிக்காவில், நியூயார்க்கில் தொடங்குகிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 1924இல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவன் பெயர் பீட்டர், வயது இரண்டு ஆண்டு பத்து மாதம். முயல் என்றால் அவனுக்கு அப்படியொரு பயம். வெள்ளை எலி, ரோமச் சட்டை, இறகு, பஞ்சு என்று முயலை நினைவூட்டும் எல்லாவற்றின் மேலும் அந்தப் பயம் பரவியிருந்தது. கூண்டில் அடைத்த முயல் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அழுவான்.

முயலைக் கண்டு பயப்படாத பிள்ளைகளோடு பீட்டரை விளையாட விட்டார் ஜோன்ஸ். முயல் கூண்டு பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. அதை அவன் பொறுத்துக்கொண்டதும் நான்கு அடி, பிறகு மூன்று அடி, பிறகு பக்கத்தில். அடுத்து, கூண்டைத் திறந்து முயலை அறைக்குள் விட்டார்கள். யாராவது முயலைப் பிடித்துக்கொள்ள, அவன் மெல்லத் தொட்டான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பீட்டருக்குக் காய்ச்சல் வந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். அங்கிருந்து திரும்பும் வேளையில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்தது. உடன் வந்த தாதியே நடுங்கிவிட்டார். அவ்வளவுதான். முயல் பயம் முழுசாகத் திரும்பிவந்தது, ஏறிய படியெல்லாம் வீண் போல ஆயிற்று.

ஜோன்ஸ் விட்டுவிடவில்லை. இந்தமுறை பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் வராத தூரத்தில் கூண்டை வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கூடவே பயப்படாத பிள்ளைகளும் அவ்வப்போது வந்தார்கள். முயலைச் சாப்பாட்டு மேசைமேலும் மடியிலும் வைக்கும் அளவுக்குப் போனது. கடைசியில் தன் விரலை முயல் கொறிக்கும்படி நீட்டினான் பீட்டர். ரோமம், இறகு, பஞ்சு பயங்களும் கூடவே கரைந்துபோயின.

பீட்டரின் பயம் ஏன் திரும்பிவந்தது என்பதற்கு இன்றைய மூளை ஆய்வு விடை சொல்கிறது. பழைய பயம் அழிக்கப்படுவதில்லை. 'இது ஒன்றும் செய்யாது' என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அந்தப் புதிய பாடத்தை வைத்துக்கொண்டு அமிக்டலாவை அமைதிப்படுத்துகிறது. நீண்ட இடைவெளி, புதிய இடம், திடீர் அதிர்ச்சி, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் பழைய பாடம் முந்திக்கொள்ளும். அதனால் ஒரே படியைப் பல நாள், பல இடங்களில், பல பேரோடு பழகிக்கொள்வது நல்லது. பயம் திரும்பி வந்தால் துணிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். இரண்டாவது ஏற்றம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஓடிவிட்டால் என்ன ஆகும்? உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் வம்பு. 'ஓடியதால் பிழைத்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். நாளை பயம் இன்னும் பெரிதாகும். ஓடாமல், தாங்கக்கூடிய ஒரு சிறு படியில் நின்றுகொண்டிருந்தால் வேறு ஒன்று நடக்கும். இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதையத் தொடங்கும். அமிக்டலா திரும்பத் திரும்ப ஆணையிடாவிட்டால் இதயத்துடிப்பு தானாக இறங்கும். அதைத் துரிதப்படுத்த ஒரு வழி உண்டு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளே இழு, அதைவிட மெதுவாக வெளியே விடு. வெளியே விடும்போது நாடி கொஞ்சம் தளர்வதை விரலில் உணரலாம். மூளையிலிருந்து இதயம் வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பின் வேலை அது.

சரி, சிறு சிறு படிகளால் ஆன இந்த ஏணியை நம் ஊரில் சாய்த்து வைக்க எது நல்ல இடம்? என்னைக் கேட்டால் சிலாங்கூர் ஆற்றங்கரைதான் என்பேன். இருட்டுப் பயம் இல்லாத பிள்ளை அரிது. இருட்டாக இருந்தால் மட்டுமே காணக்கூடிய அதிசயம் ஒன்று கம்போங் குவாந்தானில் இருக்கிறது.

ஆற்றின் இரு கரையிலும் பெரெம்பாங் மரங்கள். அவற்றின் இலைகளில் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள மின்மினிகள் வந்து உட்காரும். ஆண் மின்மினிகள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் ஒளியைப் போட்டு அணைக்கும். வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் உயிர்வளியோடு சேரும்போது பிறக்கும் ஒளி அது. சூடே இல்லாத ஒளி. அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளரும். அதனால்தான் கரையை வெட்டிச் சீர்ப்படுத்தினால் மின்மினி இல்லாமல் போகும். சம்பானில் ஏறினால் கைவிளக்கு அடிக்கக்கூடாது, கேமராவில் பளிச் விளக்கு போடக்கூடாது. அந்நிய ஒளி பட்டால் மின்மினிகளின் பேச்சு குழம்பிவிடும்.

இருட்டில் உன் கண்ணும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. விளக்கு அணைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாது. பயம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் உண்மையான மாற்றம் விழித்திரையில், மெதுவாக நடக்கும். நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் தங்களால் முடிந்த அளவு பழகிக்கொள்ளும். மங்கலில் பார்க்கும் கோல் செல்களுக்கு ரோடாப்சின் என்ற நிறமி தேவை. வெளிச்சத்தில் வெளுத்துப்போன அந்த நிறமி மறுபடி சேர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு மரத்தின் உருவம் தெரியும், தண்ணீரின் மினுமினுப்பு தெரியும், எதிரே இருப்பவரின் முகமும் மங்கலாகத் தெரியும். நடுவில் யாராவது கைப்பேசியை ஒருமுறை தட்டிவிட்டால் போதும், இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும்.

பயந்து உடனே விளக்கைப் போடும் பிள்ளை, இருட்டில் கண் தெரியும் என்பதைக் கடைசிவரை அறியாமலே இருந்துவிடுகிறது. இருட்டு எப்போதும் அந்த முதல் நிமிடத்தின் கும்மிருட்டாகவே அதற்குத் தெரியும். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

ரோடாப்சின் செய்ய உடம்புக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். முருங்கைக்கீரையில் அதற்கான சத்து இருக்கிறது. செம்பனைப் பழத்தின் தோலுக்குள் தெரியும் அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கொடுப்பதும் அதே சத்துதான், கரோட்டின். சுத்திகரித்துப் புட்டியில் வரும் எண்ணெயில் அது போய்விடுகிறது.

உன் பாட்டியோ பூட்டியோ ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருந்தால் இருட்டைப் பற்றி அவரிடம் கேட்டுப் பார். பத்தாங் பெர்ஜூந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு எனப்படும் வருகைப் பதிவில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கோடு தங்கள் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போனவர்கள் அவர்கள். வெயில் ஏறிவிட்டால் இலைகள் தண்ணீரை ஆவியாக விட்டுவிடும். மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சரியாக வடியாது. அதனால் இருட்டிலேயே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, நிரை முனையில் இருக்கும் முனியாண்டி சாமிக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, தனியாக மரம் மரமாகப் போனார்கள். முதல் நாள் அவர்களுக்கும் கால் நடுங்கியிருக்கும். அக்காவோ அம்மாவோ பக்கத்து நிரையில் இருந்து குரல் கொடுத்திருப்பார்கள். நம் பெண்களின் இந்தத் துணிவைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம். நீ கேட்டு எழுதிவை.

உன் இருட்டு ஏணியை வீட்டிலேயே தொடங்கலாம். அம்மா அறையில் இருக்கும்போது விளக்கை அணைத்து, நாடி இறங்கும் வரை உட்கார்ந்திரு. அது சலித்துப்போனதும் அம்மா கதவுக்கு வெளியே உட்காரட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். பிறகு கதவு பாதி சாத்தியிருக்கட்டும். பிறகு அம்மா சமையலறைக்குப் போகட்டும். அதற்கும் பிறகு, அப்பாவோடு இரவில் வாசற்படியில் உட்கார்ந்து, கண் பழகும் வரை காத்திருந்து, வானத்தில் எத்தனை நட்சத்திரம் கூடிக்கொண்டே வருகிறது என்று எண்ணு. ஆற்றில் சம்பான் ஏறுவது அதற்கு மேல் உள்ள படி. அங்கே மிதவைச் சட்டையைக் கட்டாயம் போட்டுக்கொள். இருட்டைக் கண்டு பயப்பட வேண்டாம்தான், ஆனால் ஆழமான ஆற்றுக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த மரியாதை பாம்புக்கும் உண்டு. 1917இல் கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அன்றிலிருந்து செம்பனையைத் தேடி எலியும், எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வருகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாம்புப் பயம் இருப்பது நியாயமே. வெட்டிக் குவித்த மட்டைக் குவியலுக்குள் கைவிடாதே, இருட்டில் வெறுங்காலோடு நடக்காதே. பாம்பைக் கண்டால் மெல்லப் பின்வாங்கிப் பெரியவர்களைக் கூப்பிடு. அவர்கள் 999க்கு அழைத்து உதவி கேட்பார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதே, கீறாதே, ஓடாதே. கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் புத்தகத்தில் பாம்புப் படம் இருக்கும் பக்கத்தைத் திருப்பக்கூட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உதவினார். அந்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. நஞ்சில்லாத பாம்பை ஒருவர் அமைதியாகக் கையில் எடுப்பதைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பது முதல் படி. பிறகு அறைக்குள் வருவது, பிறகு கையுறை போட்டுத் தொடுவது, பிறகு வெறுங்கையால் தொடுவது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் கூடவே நின்றார். பெரும்பாலோர் கடைசிப் படி வரை ஏறினார்கள். அதோடு, பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பயங்களும் குறைந்ததாகச் சிலர் சொன்னார்கள். பண்டுராவை யோசிக்கவைத்தது இதுதான். 1977இல் அவர் எழுதியதன் சாரம் இது: 'உன்னால் முடியும்' என்று பிறர் நூறு முறை சொல்வதைவிட, ஒரு சின்னக் காரியத்தை நாமே செய்து முடித்தது மனத்துக்கு வலுவான சான்று. நம்பிக்கை வரட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வரிசை அப்படி இல்லை. சின்னதாக ஒன்றைச் செய்துவிட்டால் நம்பிக்கை பின்னாலேயே வரும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தோட்டத்துச் சிறிய பள்ளியில் எல்லாரும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இடைநிலைப் பள்ளியிலோ ஒரு வகுப்பிலேயே முப்பது நாற்பது புது முகங்கள், பெரும்பாலான பாடங்கள் மலாயில். விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம். வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் ஒரு நிம்மதி, ஒவ்வொரு நிம்மதியும் அந்தப் பயத்துக்குத் தீனி.

குறிப்பேட்டை எடு. பயத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடு. சபை கூடலில் ஒலிவாங்கி முன் நின்று மலாயில் பேசுவது பத்து என்று வைத்துக்கொள்வோம். சிற்றுண்டிச் சாலை மக்சிக்கிடம் மலாயில் மீ கோரேங் கேட்பது ஒன்று. அதை நீ ஏற்கெனவே செய்கிறாய், ஆக ஏணியில் கால் வைத்துவிட்டாய். வீட்டில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பது இரண்டு. மலாய்த் தோழியிடம் நேற்று பார்த்த பந்து விளையாட்டைப் பற்றிச் சொல்வது மூன்று. பாடம் முடிந்த பிறகு ஆசிரியரிடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்பது நான்கு. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே சொல்லில் விடை சொல்வது ஐந்து. எழுந்து நின்று முழு வாக்கியமாகச் சொல்வது ஆறு. மூன்று, நான்கு மதிப்பெண் உள்ள படிகளில் உன் வேலை தொடங்கட்டும். செய்வதற்கு முன் எவ்வளவு பயம், செய்த பின் எவ்வளவு என்று இரண்டையும் எழுது. அந்த இரண்டாவது எண்ணைப் பல நாள் தொடர்ந்து பார்த்தால் அதுவே உனக்குப் பாடம் நடத்தும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் எட்டவில்லையா? நடுவில் இன்னொரு படி அடி. உட்கார்ந்து விடை சொல்வதற்கும் எழுந்து சொல்வதற்கும் நடுவில், பக்கத்துத் தோழனோடு சேர்ந்து எழுந்து சொல்வது என்று ஒரு படி வைக்கலாமே. ஆண்டிறுதி விடுமுறை முடிந்து வரும்போது பயம் கூடியிருக்கும். பீட்டரை நினைத்துக்கொண்டு இரண்டு படி கீழேயிருந்து தொடங்கு.

இதைப் படிக்கும் அண்ணன், அக்கா, மாமா, ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தண்ணீருக்குப் பயந்த பிள்ளையைத் தூக்கி ஆற்றில் போட்டால் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வது தண்ணீர்ப் பயத்தையும், தூக்கிப் போட்டவர் மேல் அவநம்பிக்கையையும்தான். 'பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்' என்று மிரட்டிச் சோறூட்டுவதும் அதே வகை. ஏற வேண்டியது பிள்ளை. எந்தப் படி, எப்போது என்று அதுவே சொல்லட்டும். நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில பயங்கள் தூக்கத்தைக் கெடுக்கும், சாப்பிட விடாது, பள்ளிக்கே போக விடாது. அடிப்பவர் மேலோ தொல்லை கொடுப்பவர் மேலோ வரும் பயமும் உண்டு. அதற்கு ஏணி கட்டிப் பழகிக்கொள்ளவே கூடாது, நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். பள்ளியில் இதற்கென்றே ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் போகவே பயமாக இருந்தால் இன்று அவருடைய அறை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வா. நாளை ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டு.